எட்டா, பதினான்கா, நாற்பத்திரண்டா?

'கண்டாச்சிபுரம்' என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் அவ்வூரைக் கண்டவர்களுக்கும், பெயரை இப்போதுதான் முதன்முதலாகப் படிப்பவர்களுக்கும் விடை ஒன்றுதான். க, ண், டா, ச், சி, பு, ர, ம் என்று விரல்விட்டு எண்ணினால் எட்டு.

இதே கேள்வியைக் கணிப்பொறியில் உள்ள ஒரு சிறு நிரலிடம் கேட்டுப் பார்ப்போம். 'டபிள்யூ', 'சி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளே அந்நிரலின் பெயர். 'சொல் எண்ணி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. அதனிடம் ஒருவிதமாகக் கேட்டால் 42 என்று விடை தருகிறது. வேறொரு விதமாகக் கேட்டால் 14 என்கிறது. எட்டு என்று மட்டும் எவ்வளவு கேட்டாலும் சொல்வதில்லை. (பெயரைத் தட்டியபின் எண்டர் விசையை அழுத்தியிருந்தால் அந்த வரிமுடிவையும் ஒன்றாகக் கணக்கிட்டு 43, 15 என்று காட்டும், அதைக் கண்டு மலைக்க வேண்டாம்.)

எட்டு, பதினான்கு, நாற்பத்திரண்டு ஆகிய மூன்றில் எது சரி? மூன்றுமே சரிதான் என்றால் வியப்பாக இருக்கும். அது எப்படி என்று காண்பதற்குமுன், இந்தக் குட்டி நிரல்கள் எங்கிருந்து வந்தன, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அவற்றின்மேல் பலருக்கு ஏன் இத்தனை பிரியம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிறந்த கதை

இன்று கணிப்பொறி என்றதும் நம் கண்முன் வருவது படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரை. தொடக்கக் காலத்தில் இவை இல்லை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்தியவை டெலிடைப் எனப்படும் தட்டச்சுப் பொறிகள். அவற்றுள் மிகப் பரவலாக இருந்த வகை ஒரு விநாடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும். விசைகளையும் ஓங்கி அழுத்த வேண்டும். ஆகவே கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கின. நம் நாட்டில் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்திச் சேவையில், சொல்லுக்குச் சொல் காசு என்பதால் வாக்கியங்களைச் சுருக்கி எழுதினார்கள் அல்லவா? அதே சிக்கனம்தான் இங்கும்.

பேச்சிலும் இவை சிக்கனமானவை. கோப்பை நகலெடு என்றால் எடுத்துவிட்டு மௌனமாக இருக்கும். தவறு நேர்ந்தால் மட்டுமே வாயைத் திறக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்த மௌனம் சற்றுக் கலக்கத்தைத் தரும். பழகியவர்களுக்கோ அதுவே நிம்மதி.

'கிரெப்' என்னும் நிரலின் கதை சுவையானது. ஒரு கோப்பில் நாம் கேட்கும் சொல் எந்தெந்த வரிகளில் வருகிறதோ அந்த வரிகளை மட்டும் எடுத்துக்காட்டுவது அதன் வேலை. தாம்சன் எழுதிய 'எட்' என்னும் பழைய திருத்தி நிரலில் இந்த வசதி ஒரு பகுதியாக இருந்தது. ஆனால் எட் முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். பிடிபி-11 கணிப்பொறியிலோ ஒரு நிரலால் ஒரே சமயத்தில் எட்ட முடிந்த நினைவகம் 64 கிலோபைட்தான். பெரிய கோப்பு என்றால் எட் கையை விரித்துவிடும். தேடும் பகுதியை மட்டும் தனியே பிரித்துத் தரமுடியுமா என்று டக் மெக்கில்ராய் என்ற சக ஆய்வாளர் கேட்டார். மறுநாளே தாம்சன் அதை அவர் கையில் கொடுத்தார். ஒரே இரவில் எழுதிய நிரல் என்று இக்கதையைச் சொல்வது வழக்கம். உண்மையில், தம் சொந்த உபயோகத்துக்காக முன்பே எழுதி வைத்திருந்ததையே சற்றுச் செப்பனிட்டுக் கொடுத்ததாகத் தாம்சன் 2019-இல் ஒரு நேர்காணலில் சொல்லிவிட்டார்!

கிரெப் கோப்பை வரிவரியாகப் படிக்கும். ஒரு வரியைப் பார்த்தது, வேண்டியதாயின் காட்டியது, இல்லையேல் விட்டது, அடுத்த வரிக்குப் போனது. கோப்பு எத்தனை பெரியதாயினும் நினைவகத்தில் ஒரு வரிக்குரிய இடம் இருந்தால் போதும். அன்றைய வறுமையில் பிறந்த இந்தக் குணமே இன்று அதன் பெரிய பலம். கோடிக்கணக்கான வரிகள் உள்ள கோப்பையும் பழைய மடிக்கணிப்பொறி ஒன்றில் அது சலிக்காமல் சலித்துத் தரும்.

குழாய்

தனித்தனியே பார்த்தால் இந்நிரல்கள் பெரிய வித்தைக்காரர்கள் அல்ல. ஒன்று எண்ணும்; ஒன்று வரிசைப்படுத்தும்; ஒன்று தேடும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும்போதுதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று இணைப்பதைப்போல நிரல்களையும் இணைக்க வேண்டும் என்று மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். 1973-இல் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து முடித்தார். ஒரு நிரலின் பெயருக்கும் அடுத்ததன் பெயருக்கும் இடையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். முதல் நிரல் வெளியிடுவது இரண்டாவதற்குள் பாயும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று அறிய வேண்டும். முதல் நிரல் 'டிஆர்'. அது எழுத்துக்கு எழுத்து மாற்றுவது. இடைவெளி வரும் இடங்களிலெல்லாம் வரிமுடிவைப் போடு என்று அதற்குச் சொன்னால் சொற்கள் வரிக்கு ஒன்றாக இறங்கி நிற்கும். அடுத்தது 'சார்ட்'. அது வரிகளை அகர வரிசைப்படி அடுக்கும். மூன்றாவது 'யூனிக்'. அடுத்தடுத்து வரும் ஒரேமாதிரியான வரிகளை ஒன்றாக்கி, எத்தனை இருந்தன என்ற எண்ணை முன்னால் போடும். மீண்டும் ஒரு சார்ட். இம்முறை எண்ணின்படி, பெரியதிலிருந்து சிறியதற்கு. கடைசியில் 'ஹெட்'. அது முதல் பத்து வரிகளை மட்டும் காட்டும். ஐந்து நிரல்கள், நான்கு கோடுகள், ஒரே வரிக் கட்டளை.

யூனிக்குக்கு முன்னால் எதற்காக ஒருமுறை வரிசைப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். யூனிக் மறதிக்காரன். முந்தைய ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஒரேமாதிரியான சொற்கள் அடுத்தடுத்து வந்தால்தான் அதனால் எண்ண முடியும். ஊராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டுகளை எப்படி எண்ணுகிறார்கள்? பெட்டியிலிருந்து கொட்டிய சீட்டுகளை முதலில் சின்னவாரியாகப் பிரிக்கிறார்கள். கட்டுக் கட்டாகக் கட்டுகிறார்கள். பிறகுதான் எண்ணிக்கை. பிரிப்பது ஒருவர் வேலை, எண்ணுவது மற்றொருவர் வேலை. இதுவும் அதுவே.

1986-இல் இதே சொல்லெண்ணும் கணக்கு ஒரு சிறிய பரபரப்பை உண்டாக்கியது. அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் ஏட்டில் ஜான் பென்ட்லி ஒரு பத்தி நடத்திவந்தார். அதில் டொனால்டு நூத் என்னும் பேரறிஞர் இக்கணக்குக்குப் பல பக்கங்கள் நீளும் அழகான நிரல் ஒன்றை எழுதினார். அதை விமரிசிக்க அமர்ந்த மெக்கில்ராய், பாராட்டிவிட்டு, மேலே சொன்னது போன்ற ஆறு வரிக் குழாய்த் தொடரை எழுதிக் காட்டினார்! யூனிக்ஸ் ரசிகர்கள் இக்கதையை இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். ஆனால் நியாயமாகப் பார்த்தால் நூத்திடம் கேட்கப்பட்டது வேறு. படிப்பவருக்கு விளங்கும்படி ஒரு நிரலைக் கட்டுரைபோல எழுதுவது எப்படி என்று காட்டும்படியே அவரைக் கேட்டிருந்தார்கள். ஆகவே இதை வெற்றி, தோல்வி என்று கொள்வது சரியன்று.

குழாயில் இணைந்த நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே சமயத்தில் இயங்குகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவது வெளியிட வெளியிட, இரண்டாவது வாங்கிக்கொண்டே இருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பரவலாக இருந்த டாஸ் அமைப்பிலும் அதே செங்குத்துக் கோடு உண்டு. சில கிலோபைட் அளவே உள்ள சார்ட் நிரலும் அதில் இருந்தது. ஆனால் டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். முதல் நிரல் தந்ததை வட்டில் தற்காலிகக் கோப்பாக எழுதி வைத்து, அது முடிந்தபின் அடுத்த நிரலை எழுப்பும். குழாயில் தண்ணீர் பாய்வதற்கும் குடத்தில் மொண்டு சென்று ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

தமிழ் இதற்குள் எப்படி நுழைந்தது?

இப்போது நம் மூன்று எண்களுக்கு வருவோம்.

கணிப்பொறிக்கு எழுத்துகள் தெரியா, எண்களே தெரியும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் 'க' என்பதற்கு ஓர் எண் உண்டு. இகரக் கொம்புக்குத் தனி எண், புள்ளிக்குத் தனி எண். எனவே 'சி' என்பது நமக்கு ஓரெழுத்து. அதற்கோ 'ச' ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டு குறிகள். 'ம்' என்பதும் அவ்வாறே இரண்டு. கண்டாச்சிபுரத்தில் க, ர இரண்டும் தனிக்குறிகள். ஏனைய ஆறும் இரட்டைக் குறிகள். 2 + 12 = 14. இரண்டாவது விடை கிடைத்துவிட்டது.

இக்குறிகளைக் கோப்பில் எழுதி வைக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக மாறுகிறது. 'க' என்பது 224, 174, 149 என்னும் மூன்று எண்களாகப் பதிவாகும். 14 × 3 = 42. முதல் விடை இது.

இந்த மூன்று பைட் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் உணவு விடுதியில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தின்மேல் இதை வகுத்தவர் யார் தெரியுமா? கிரெப்பை எழுதிய அதே கென் தாம்சன்தான். உடனிருந்தவர் ராப் பைக். பழைய நிரல்கள் எதையும் திருத்தாமல், உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் அவற்றின் வழியே செலுத்த வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. ஆங்கில எழுத்துகள், இடைவெளி, வரிமுடிவு ஆகியவற்றின் எண்கள் எல்லாம் 128-க்குக் கீழே உள்ளன. இடைவெளிக்கு 32, வரிமுடிவுக்கு 10. பிற மொழி எழுத்துகளுக்குரிய பைட்டுகள் அனைத்தையும் 128-க்கு மேலேயே அமைத்தார்கள். ஆகவே 32 என்ற எண்ணைத் தேடி வெட்டும் நிரல் ஒருபோதும் தமிழ் எழுத்தின் நடுவில் கத்தி வைக்காது. டிஆர் நிரலுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பைட் பைட்டாகவே அது பார்க்கிறது. அப்படியிருந்தும் தமிழ்க் கட்டுரையைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தருகிறது. இந்த ஏற்பாட்டின் நயத்தை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இதைக் கொண்டு உருப்படியாக ஒரு காரியம் செய்யலாம். திருக்குறளில் 1330 குறள்கள், குறளுக்கு இரண்டடி, முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. யாரோ ஒருவர் நூல் முழுவதையும் சீர் பிரித்து, தலைப்பும் எண்ணும் இல்லாமல் தட்டச்சு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழையின்றி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? சொல் எண்ணியிடம் கொடுங்கள். வரிகள் 2660, சொற்கள் 9310 என்று வரவேண்டும். (இடைவெளிகளுக்கு நடுவே நிற்பதெல்லாம் அதற்குச் சொல். இங்கே நமக்கு அது சீர்.) 9309 என்று வந்தால் எங்கோ ஒரு சீர் விட்டுப்போயிற்று, அல்லது இரண்டு ஒட்டிக்கொண்டன. எந்த வரி? அதற்கு 'ஆக்' என்னும் நிரல் இருக்கிறது. 1977-இல் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் எழுதியது. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே நிரலின் பெயராயின. ஒற்றைப்படை வரிகளில் நான்கும் இரட்டைப்படை வரிகளில் மூன்றும் இல்லாத வரிகளின் எண்ணைச் சொல் என்று ஒரு வரியில் அதற்கு ஆணையிடலாம். இமைக்கும் நேரத்தில் விடை வரும். மனிதர் ஒருவர் இதைச் சரிபார்க்க அமர்ந்தால் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஒரு சீருக்குப் பதில் வேறொரு சீரைத் தட்டியிருந்தால் மட்டும் இச்சோதனையில் அகப்படாது.

இடறும் இடங்கள்

எல்லாம் சுகமே என்று சொல்லிவிட முடியாது. மயில், மரம், மலை, மழை, மளிகை, மறதி, மனம் என்பது நம் அகராதி வரிசை. மொழிச்சூழல் எதையும் குறிப்பிடாமல் வெறும் எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னால், சார்ட் நிரல் மனம், மயில், மரம், மறதி, மலை, மளிகை, மழை என்று அடுக்கும். 'மனம்' முதலிடத்துக்குத் தாவிவிட்டது! காரணம் வரலாற்றில் இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்குரிய எண்கள், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் தரத்தைப் பின்பற்றி அமைந்தவை. தேவநாகரி வரிசையே அதற்கு அச்சு. 'ந'வை அடுத்து 'ன', 'ர'வை அடுத்து 'ற' என்று அவ்வச்சில் நம் எழுத்துகளைப் பொருத்தினார்கள். 'தமிழ் – இந்தியா' என்னும் மொழிச்சூழலை அமைத்துவிட்டால் சார்ட் நம் வரிசைப்படியே அடுக்கும். வருகைப் பதிவேட்டிலோ வேறு பட்டியலிலோ பெயர்கள் முறைமாறிக் கிடந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தேடும்போதும் கவனம் தேவை. 'கல்' என்று கிரெப்பிடம் கேட்டால் கல்வியும் வரும், பகலும் வரும். 'மலர' என்று தேடினால் 'மலர்' என்பதும் அகப்படும். புள்ளி தனிக்குறி அல்லவா? இவையாவது கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இடறலும் உண்டு. ஔவையார் என்ற பெயரைப் பலர் 'ஒ', 'ள' என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. கிரெப்புக்கோ இரண்டும் வேறு வேறு. முறையான 'ஔ'வைக் கொண்டு தேடினால் அப்பாட்டி அந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்று சாதிக்கும்.

இதைவிடப் பெரிய துன்பம் ஒருங்குறிக்கு முந்தைய கோப்புகளால் வந்தது. தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியெண்கள் வேறுபட்டன. 1998 பொங்கல் முதல் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி வரும் மதுரைத் திட்டத்தாரின் பழைய பதிப்புகள் டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் அமைந்தவை. 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று வேறிரண்டு தரங்கள் வந்தன. அக்காலக் கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். டிஸ்கியில் உள்ளது எனில் கவலையில்லை. லினக்ஸில் 'ஐகான்வ்' என்னும் சிறு நிரல் அதை ஒருங்குறிக்கு மாற்றித் தந்துவிடும். உங்கள் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ பழைய குறுந்தட்டு ஏதேனும் கிடந்தால், எறிவதற்குமுன் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. 'ஆர்எம்' என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். பெரும்பாலும் 'நிச்சயமா?' என்று கேட்காது. குப்பைத்தொட்டியில் போட்டும் வைக்காது. போனது போனதுதான். மௌனமான வேலைக்காரர்களிடம் உள்ள ஆபத்து இது. படம் வரைவதற்கும் திருத்துவதற்கும் இந்நிரல்களை நாடுவதில் அர்த்தமில்லை. அதற்கு மவுஸும் பெரிய மென்பொருளுமே ஏற்றவை.

எங்கே கிடைக்கும்?

வாங்கவேண்டியதே இல்லை, பெரும்பாலும் உங்களிடமே இருக்கின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவை பல வீடுகளில் 'வேகமில்லை' என்று பரண் ஏறிவிட்டன. இன்றைய பெரிய மென்பொருள்களுக்கு அவை போதமாட்டா என்பது உண்மையே. ஆனால் சொல் எண்ணியின் அளவு சில பத்து கிலோபைட்தான். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தின் இடத்தில் அதுபோல ஐம்பது நிரல்களை அடக்கிவிடலாம். இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அந்தப் பழைய பொறி இவ்வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். ஆய்வுக்கூடத்தில் எடுத்த தனி ஊசல் அளவீடுகளுக்கு ஆக் நிரலால் சராசரி காண, அந்தப் பொறியில் ஒரு விநாடிகூட ஆகாது.

மடிக்கணிப்பொறியும் இல்லையெனில் ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதும். 'டெர்மக்ஸ்' என்னும் இலவசச் செயலியை நிறுவினால் மேலே சொன்ன நிரல்கள் யாவும் விரல்நுனிக்கு வந்துவிடும். வீட்டு இணைய இணைப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் 'பிஸிபாக்ஸ்' என்ற பெயரில் இக்குட்டி நிரல்கள் ஒரே மூட்டையாக உறைகின்றன. நெகிழ்வட்டு ஒன்றில் அடங்க வேண்டும் என்பதற்காகத் தொண்ணூறுகளின் நடுவில் புரூஸ் பெரென்ஸ் தொடங்கியது அது.

தமிழில் கற்க விரும்புவோர்க்கு 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ் கட்டுரைகள் நிறைய உள்ளன. விழுப்புரம் வட்டாரத்தவர்க்கு இன்னும் வசதி. அங்குள்ள குனூ/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பித்துவருகிறது.

கருவி எதுவும் கையில் இல்லாதவர்கள் ஒரு கணக்கைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் ஆறெழுத்துப் பெயர்கள். ஆனால் சொல் எண்ணியிடம் பைட் கணக்குக் கேட்டால் முன்னதற்கு 33, பின்னதற்கு 30 என்கிறது. அந்த மூன்று பைட் வேறுபாடு எந்த எழுத்தால் வந்தது என்று கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் ஊர்ப்பெயருக்கும் மூன்று எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு, எங்கேனும் கணிப்பொறி கிடைக்கும்போது ஒத்துப் பாருங்கள்.